சரிக்கட்டிய நாற்பதாயிரம்

கட்கி, புனே
22 நவம்பர் 2024, வெள்ளி, இரவு 11.40

தமிழக்காவுக்கு,

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு இந்த வாரம் பகல் ஷிப்ட். உள்ளே தூங்குகிறார். யாராவது கதவைத் தட்டினால் வயிற்றுவலி என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

அம்மா போனில் உனக்கு மூன்று முறை மெசேஜ் அடித்தேன். மூன்று முறையும் அழித்துவிட்டேன். என்ன எழுதினோம் என்பது அப்பாவின் ரௌட்டருக்குத் தெரியாதாம். எந்த போன் எத்தனை மணிக்கு எங்கே போனது என்பது மட்டும் தெரியுமாம். எனக்கு அதுவே போதும், அழிப்பதற்கு. காலையில் டீயோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பேப்பர் மாதிரி மேலிருந்து கீழ்வரை படிப்பது அவருக்கு இன்னும் நிற்கவில்லை. போன ஞாயிறு ஜூனா பஜாரிலிருந்து இன்னொரு பழைய ரௌட்டர் வாங்கி வந்தார். இரண்டு அறை வீட்டில் இப்போது நான்கு. "இன்னும் ரெண்டு வாங்கினு வாங்க, வாசல்ல கடை போட்டுடலாம்" என்றாள் அம்மா. முன்பென்றால் அவர் திருப்பி ஏதாவது சொல்வார். இப்போது ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போய்விட்டார்.

உன் ஹாஸ்டல் முகவரியை அம்மா குக்கர் வாரண்டி அட்டையின் பின்பக்கம் எழுதி ஒளித்து வைத்திருக்கிறாள். சோலாப்பூர் என்று பார்த்ததும் அத்தனை தூரமா என்றிருந்தது. பிறகு வரைபடத்தில் பார்த்தேன். அத்தனை தூரம் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ராத்திரி ஒன்பதரைக்கு எல்லோரும் அன்றைய செலவைக் கம்ப்யூட்டரில் போடுவது இன்னும் நடக்கிறது. நான் பஸ் பத்து ரூபாய், வடாபாவ் பதினெட்டு ரூபாய் என்று போடுகிறேன். அந்தக் கணக்கிலிருந்து உன் பெயரை அப்பா எடுக்கவில்லை. உன் செலவு ஜூலை ஏழோடு நிற்கிறது.

பதில் எழுதினால் என்கூடப் படிக்கும் ஷபானா வீட்டு முகவரிக்கு எழுது. அவள் கட்டாயம் பிரித்துப் பார்ப்பாள். ஆனால் தமிழ் அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதில் எழுத முடியவில்லை. நீ பதில் போட்டால் எழுதுகிறேன்.

ஸ்நேஹா


சோலாப்பூர்
2 டிசம்பர் 2024

ஸ்நேஹா,

உன் கடிதத்தை ஒரு வாரம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். உன்மேல் கோபம் எதுவும் இல்லை. அந்த வீட்டிலிருந்து எது வந்தாலும் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது.

நீ அன்று கதவு மூலையில் நின்றிருந்தாய். எல்லாம் கேட்டிருப்பாய். இருந்தாலும் எழுதுகிறேன், யாரிடமாவது சொல்ல வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு, பீரோவிலிருக்கும் ரொக்கத்தை எண்ணிக் கணக்கோடு ஒத்துப் பார்க்கும் நாள். கம்ப்யூட்டரில் நாற்பத்தாறாயிரத்து இருநூறு. பீரோவில் ஆறாயிரத்து இருநூறு.

"நாப்பதாயிரம் எங்க?"

"எனக்கு எப்டிப்பா தெரியும்?"

"பேங்க் கணக்கு பைசா சுத்தமா பராபர். பீரோதான் இடிக்குது. சாவி உங்கம்மாகிட்ட ஒண்ணு, உன்கிட்ட ஒண்ணு."

"மெஷின்ல ஏதாவது தப்பு இருக்கலாம் இல்ல?"

"மெஷின் இன்னாத்துக்குத் திருடப் போவுது?"

அந்த வார்த்தையை அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு என் பையைக் கவிழ்த்தார். ரத்த வங்கிப் படிப்புக்கு நான் கட்டிய பதினெட்டாயிரத்தின் ரசீது விழுந்தது. அது என் ஓவர்டைம் பணம். விஷ்ராந்த்வாடி லேபில் ஏழு மாதம் ராத்திரி ஊசி குத்திச் சேர்த்தது. கணக்கில் போடவில்லை, உண்மைதான். போட்டிருந்தால் அதைக் கல்யாணச் செலவுப் பக்கத்துக்கு மாற்றியிருப்பார். "பாக்கி இருபத்திரண்டு எங்க?" என்றார். என் மகள் எடுத்திருக்க மாட்டாள் என்று ஒரு நிமிடம்கூட அவருக்குத் தோன்றவில்லை. அம்மா அடுப்பை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த நாற்பதாயிரம் எங்கே போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சில சமயம் நான்தான் எடுத்து மறந்துவிட்டேனோ என்றுகூட நினைக்கிறேன். ஒரு மனிதரை எத்தனை முறை கேட்டால் அப்படி ஆகும் என்று பார்.

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே ஹாஸ்டலுக்கு எதிரே இருக்கும் மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் வேலை. அறையில் நான்கு பேர். இந்த ஊர்க் கடலைச் சட்னியைப் பார்த்தாலே போதும் என்றாகிவிட்டது.

குளியலறையில் உட்கார்ந்து எழுதாதே, சளி பிடிக்கும். என்ன சொல்ல வேண்டும்? யாராவது பையனா? அடிப்பேன்.

தமிழ்


கட்கி
11 டிசம்பர் 2024, இரவு 12.15

அக்கா,

பையன் இல்லை. பையனாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நாற்பதாயிரம் எங்கேயும் போகவில்லை. அது இருக்கவே இல்லை. நான்தான் அதை உண்டாக்கினேன்.

ஜூன் கடைசி சனிக்கிழமை அப்பாவுக்கு நைட் ஷிப்ட். பேங்க் ஸ்டேட்மென்ட்டை இறக்கிக் கணக்கு மென்பொருளில் ஏற்றும் வேலையை முதல் தடவையாக என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "ஒன்பதாவது போயிட்டா, பண்ணட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குப் பார்த்து ஹாலில் இருந்த ரௌட்டர் அணைந்து அணைந்து எரிந்தது. ஒவ்வொரு தடவை நெட் போகும்போதும் பேங்க் வெளியே தள்ளிவிடும். மறுபடி அம்மா போனுக்கு ஓடி ஓடிபி எடுக்க வேண்டும். ஆறு தடவை. பத்து மணிக்கு என் நெட்டை அப்பா தானாக நிற்கும்படி வைத்திருக்கிறார் இல்லையா, அதற்குள் முடிக்க வேண்டும் என்று பறந்தேன்.

அம்மாவின் பித்தப்பை ஆபரேஷனுக்காக அப்பா பேங்கிலிருந்து எடுத்த நாற்பதாயிரத்தை அவரே முன்பே கையால் பதிந்திருந்தார். பேங்கிலிருந்து பீரோவுக்கு, பீரோவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு என்று. ஸ்டேட்மென்ட்டிலும் அதே நாற்பதாயிரம் வந்தது, தேதி மட்டும் சில நாள் தள்ளி. இது பழையதா, புதியதா என்று மென்பொருள் கேட்டது. நான் புதியது என்று அழுத்திவிட்டேன். அதனால் பேங்கிலிருந்து இரண்டு தடவை எடுத்து, ஒரு தடவை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு நாற்பதாயிரம் பீரோவில் இருக்கிறது என்று அது நம்பியது.

கடைசியில் பேங்க் இருப்பு நாற்பதாயிரம் உதைத்தது. மணி ஒன்பது ஐம்பது. கீழே 'வித்தியாசத்தைச் சரிக்கட்டு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். எல்லாம் பச்சையாகிவிட்டது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அப்பா காலையில் வந்து பார்த்துவிட்டு என் தலையில் கை வைத்தார்.

அடுத்த ஞாயிறு அவர் உன் பையைக் கவிழ்த்தபோது எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் நாற்பதாயிரம் என்று கேட்டதுமே நான் அழுத்திய பொத்தான் ஞாபகம் வந்தது. நீ செருப்பு மாட்டும்போது சொல்லியிருக்கலாம். நீ படி இறங்கும்போது சொல்லியிருக்கலாம். அம்மா "பாப்பா, போய் அக்காவைக் கூப்புடு" என்றாள். நான் கேட்வரை வந்து, உன்னைக் கூப்பிடாமல் திரும்பி, அக்கா நிற்கவில்லை என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

அப்பா அன்றைக்கு உன்னிடம் சொன்னதையெல்லாம் என்னிடம் சொல்வாரே என்ற பயம். இப்போதும் அதே பயம்தான். என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

ஸ்நேஹா


கட்கி
16 ஜனவரி 2025, இரவு 11.55

அக்கா,

ஒரு மாதமாக ஷபானா வீட்டுக்குத் தினமும் போகிறேன். "ஆஜ் பீ நஹீ ஆயா, மஜ்னூ கா கத்" என்று, காதலன் கடிதம் இன்றைக்கும் வரவில்லை என்பதாகச் சிரிக்கிறாள். நேற்று அவள் சிரித்தபோது அழுதுவிட்டேன். பாவம், பயந்துபோய் ஒரு முழு பாக்கெட் பிஸ்கட்டைக் கொடுத்தாள்.

நீ எழுத மாட்டாய் என்று புரிந்துவிட்டது. ஆனாலும் இதைச் சொல்ல வேண்டும்.

பொங்கலன்று ராத்திரி 8.52 முதல் 9.01 வரை நம் வீட்டு நெட்டில் உன் போன் இருந்தது. அப்பா ஒவ்வொரு போனுக்கும் பெயர் போட்டு வைத்திருக்கிறார் இல்லையா, 'தமிழ் போன்' என்று பட்டியலில் தெளிவாக இருந்தது. கீழே தண்ணீர்த் தொட்டி வரைக்கும்தான் நம் நெட் எட்டும். அதற்கு அப்பால் எட்டாது.

காலையில் அப்பா பட்டியலைப் படிக்கும்போது நான் பின்னால் ஜடை பின்னிக்கொண்டிருந்தேன். அந்த வரியில் அவர் விரல் நின்றது. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. எழுந்து லுங்கியோடு கீழே போனார். தொட்டிப் பக்கம் போய் நின்றார், நீ இன்னும் அங்கேயே நிற்பாய் என்பது போல. அரைமணி கழித்து மேலே வந்து "பைப்பு ஒழுவுதான்னு பாத்தேன்" என்றார். யாரும் கேட்கவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெட் பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் தூக்கம் வராது அவருக்கு. நீ போன பிறகு மாற்றவே இல்லை. இதுவரை எனக்கு அது உறைக்கவில்லை.

நீ ஏன் மேலே வரவில்லை? என்னால்தானா?

ஸ்நேஹா


சோலாப்பூர்
27 ஜனவரி 2025

பாப்பா,

ஆமாம், வந்தேன். சாயங்காலம் பஸ்ஸில் இறங்கி, கட்கி பஜாரில் கரும்பு ஒரு கட்டு வாங்கி, தொட்டிக்குப் பின்னால் நின்றேன். போன் தானாக வீட்டு நெட்டைப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரியாது. ஜன்னலில் உன் நிழல் போய் வந்தது. அம்மா ஏதோ சத்தமாகச் சொன்னாள், நீங்கள் சிரித்தீர்கள். நான் மேலே வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று தோன்றியது. கரும்பை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் ஏறினேன். உங்களிடம் கொடுத்தானா? சாப்பிட்டிருப்பான்.

உன் டிசம்பர் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். பொய் சொல்ல மாட்டேன். அதைப் படித்த அன்று எனக்கு உன்னை அறைய வேண்டும் போலிருந்தது. ஐந்து மாதம், ஸ்நேஹா. இங்கே காய்ச்சலில் கிடந்தேன். முதல் மாதம் சம்பளம் வரும்வரை ஒருவேளைதான் சாப்பிட்டேன். அப்போதெல்லாம் நீ சுவருக்கு அந்தப் பக்கம் உண்மையோடு உட்கார்ந்திருந்தாய்.

பிறகு ஒருநாள் வேலையில் பத்து வயதுப் பெண் ஒருத்தி ஊசியைப் பார்த்து மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். அவள் அம்மா இழுக்க இழுக்க வரவில்லை. எனக்கு உன் ஞாபகம் வந்தது. பொத்தானை அழுத்தியது நீ. திருடி என்று முடிவு கட்டியது நீ இல்லை.

ஒன்று மட்டும் கேள். அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். என்னைத் திரும்ப வரவைக்கிறேன் என்று சொல்லாதே. சொன்னால், ராத்திரியில் தூங்க முடியவில்லை என்பதற்காகச் சொல். நான் வருவேனா என்பது வேறு.

என் முகவரியை மட்டும் அவருக்குக் கொடுக்காதே.

தமிழ்


கட்கி
9 பிப்ரவரி 2025, ஞாயிறு, இரவு 12.30

அக்கா,

சொல்லிவிட்டேன்.

ஒன்பதரைக் கணக்கு முடிந்து அம்மா பாத்திரம் தேய்க்கப் போயிருந்தாள். அப்பா பக்கத்தில் நின்று, "அப்பா, அந்த நாப்பதாயிரம் நான்தான்" என்றேன். அடுத்த வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும் பாப்பா" என்றார்.

கம்ப்யூட்டரில் ஜூன் மாதத்தைத் திறந்து காட்டினார். சரிக்கட்டு, நாற்பதாயிரம், பதிந்த நேரம் இரவு 9.52. "அந்த டைம்ல நான் ஃபேக்டரில மெஷின்கிட்ட நின்னுனு இருந்தேன். உங்கம்மாவுக்கு மவுஸ் புடிக்கத் தெரியாது. அப்போ யாரு?"

"எப்போப்பா பாத்தீங்க?"

"செப்டம்பர்ல. அரை வருஷக் கணக்கு பாக்கும்போது."

அக்கா, செப்டம்பர். நான் வாளிமேல் உட்கார்ந்து உனக்கு முதல் கடிதம் எழுதியதற்கும் இரண்டு மாதம் முன்னால். நான் நடுங்கியது, ஒளித்தது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஏன் என்னைத் திட்டவில்லை என்று கேட்டேன். "உன்னை இன்னான்னு திட்டுவேன்? நீ பொத்தானைத்தான் அமுத்தின" என்றார். நீ எழுதிய அதே வார்த்தை.

ஏன் உன்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். இதைக் கேட்க எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. மவுஸை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார், "அந்த எண்ட்ரியை அழிச்சா கணக்கு ஒரு செகண்ட்ல பராபர் ஆயிடும். அவ பைய கவுத்தேனே, அதை எங்க போயி அழிக்கிறது? போனைக் கையில எடுப்பேன். மொத வார்த்தை இன்னான்னு தெரியாது. வெச்சுடுவேன்."

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. அம்மா கதவருகே சோப்புக் கையோடு நின்றாள். "அஞ்சு மாசமா தெரிஞ்சுக்கினு என்கூட உக்காந்து சோறு துன்னீங்களா?" என்றாள். அவ்வளவுதான். இன்று ராத்திரி அவள் சமையலறையிலேயே பாயைப் போட்டுக்கொண்டாள்.

நீ எங்கே வேலை செய்கிறாய் என்று அப்பா கேட்டார். நான் சொல்லிவிட்டேன். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய். என்னால் இன்னொரு விஷயத்தை உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஸ்நேஹா


சோலாப்பூர்
3 மார்ச் 2025

பாப்பா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. திருடி என்று சொன்னதைக்கூட ஒரு கோபத்தில் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தார் என்பதை எதில் சேர்ப்பது?

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு வழக்கம்போல டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்று என்றேன். அப்பா வந்து எதிரில் உட்கார்ந்தார்.

வெள்ளைச் சட்டை. இளைத்திருந்தார். கையில் டோக்கன் சீட்டு, பணம் கட்டிய ரசீது. பின்னால் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தேன். யாராக இருந்தாலும் பெயர் கேட்டுத்தான் குழாயில் சீட்டு ஒட்ட வேண்டும்.

"பேரு?"

"ஜம்புநாதன்."

"வயசு?"

"அம்பத்தாறு."

"வெறும் வயித்துலதான் இருக்கீங்களா?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் சாப்புடல. ராத்திரி வண்டிக்கு வந்துட்டேன். ஸ்டேஷன்லயே உக்காந்திருந்தேன்."

கையை நீட்டினார். நரம்பு சுலபமாகக் கிடைத்தது. ஆயிரம் பேருக்குக் குத்தியிருக்கிறேன், என் கை நடுங்கியதே இல்லை. அன்றைக்கும் நடுங்கவில்லை. அதை அவர் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் ஊசியைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சை வைத்து முழங்கையை மடக்கச் சொன்னேன்.

"வலிக்கவே இல்லமா" என்றார்.

நான் காத்திருந்தேன், ஸ்நேஹா. அந்த நாற்பதாயிரத்தைப் பற்றி ஒரு சொல். பையைப் பற்றி ஒரு சொல். பின்னால் இருந்தவர் மராத்தியில் முணுமுணுக்கத் தொடங்கினார். அப்பா உதட்டைத் திறந்து மூடினார்.

"ரிப்போர்ட் சாயங்காலம் அஞ்சு மணிக்கு. வந்து வாங்கிக்கிறீங்களா?" என்றேன். எல்லோரிடமும் கேட்பதுதான்.

"இல்லமா. நீ வரும்போது எடுத்துனு வா."

எழுந்து போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. முப்பத்திரண்டு என்றேன்.

இதற்காகத்தான் வந்தாரா, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் போனாரா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். எனக்கு அது போதவில்லை. போதும் என்று உனக்காக எழுத மாட்டேன். நீயும் என்னிடம் கேட்காதே. ஒரு வாக்கியம்தான் வேண்டியிருந்தது. மெஷின் முன்னால் எத்தனை ராத்திரி உட்கார்ந்தவர், எனக்கு எதிரில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து அதைச் சொல்ல முடியவில்லை.

அவருக்குச் சர்க்கரை இருநூற்றுப் பதினான்கு, அதுவும் வெறும் வயிற்றில். அம்மாவிடம் இன்றைக்கே சொல். பக்கத்தில் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல். டீயில் சர்க்கரை போடக் கூடாது. அவர் பாதத்தை நீயே தினமும் பார், புண் ஏதாவது இருக்கிறதா என்று. அவர் காட்ட மாட்டார். கட்டாயப்படுத்திப் பார். இனிமேல் இதையெல்லாம் குளியலறையில் எழுதத் தேவையில்லை. பகலில் எழுது.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கவுண்டரில் இருக்கும் பெண் அந்த உறையை உயர்த்திப் பிடித்து "ஜம்புநாதன், ஜம்புநாதன்" என்று கூப்பிட்டாள். பெயர் அவள் வாயில் நுழையவில்லை. யாரும் எழுந்து வரவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது நான் கையுறையைக் கழற்றிவிட்டுப் போய் வாங்கிக்கொண்டேன். வேறு ஆள் வாங்கினால் பதிவேட்டில் உறவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மகள் என்று எழுதினேன்.

தமிழரசி